வந்த வருஷம்

ஆறு வருஷத்துக்கு முன்னால், மறையூருக்கும் மூணாறுக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆரம்பித்த விஷயம் இது. நான் அப்போது இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தேன். படிப்பு அங்கே, ஆராய்ச்சி இங்கே. கேரளத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பேட்டி எடுப்பதுதான் வேலை. எனக்கே சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரம். மாடும் தென்னந்தோப்புமாக இருக்கிற குடும்பம். நம்ம ஆட்களைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எஸ்டேட்டில் என்னிடம் முதலில் வாய் திறந்து பேசியவர் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. கணவர் சில வருஷம் முன்பே மரம் சாய்ந்து இறந்துபோயிருந்தார். இரண்டு பெண்கள், மூத்தவள் பிளஸ் டூ. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷின் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் அதில் உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் போனை ரெக்கார்டில் போட்டுவிட்டுக் கேள்வி கேட்பேன். அவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தபடியே பதில் சொல்வார். பத்தே நாளில் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கோயமுத்தூர்ப் பேச்சைக் கேட்டால் மூத்தவளுக்குச் சிரிப்பு தாங்காது. நான் "ஏனுங்க்கா" என்று ஆரம்பித்தாலே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள்.

ஒரு நாள், குடும்பம் இங்கே எப்போது வந்தது என்று கேட்டேன்.

"எங்க தாத்தா வெள்ளக்காரன் காலத்துலயே வந்துட்டாரு பாப்பா. சங்கரன்கோயில் பக்கம் நமக்கு. அங்க மழ பேஞ்சா ஊருக்குப் போறது, பேயலன்னா திரும்ப மல ஏறுறது. எங்க அப்பா இந்த எஸ்டேட்லதான் பொறந்தாரு. சின்னதுல ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அறுபத்தெட்டுல திரும்ப வந்தாரு, அதோட இங்கயே நின்னுட்டாரு."

சொல்லிவிட்டு என்னைத் திருப்பிக் கேட்டார். "ஆமா, நீங்களும் தமிழ்தான? நீங்க எப்ப வந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க எங்கியும் போகவும் இல்லீங்க்கா, வரவும் இல்லீங்க்கா. அங்கியேதான் இருக்கறோமுங்க" என்றேன்.

"குடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

இங்கிலாந்துக்குத் திரும்பியதும் பேட்டிகளை எல்லாம் அட்டவணையாகப் போட வேண்டியிருந்தது. அதில் ஒரு பத்தி, 'வந்த வருஷம்'. ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு வருஷம். தாத்தா வந்தார், போனார், அப்பா பிறந்தார், போனார், மறுபடி வந்தார் என்பதெல்லாம் அதில் எப்படி அடங்கும்? தாத்தா வந்த வருஷம் அந்த அக்காவுக்கே தெரியாது. தெளிவாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். 1968 என்று தட்டிவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, பக்கத்தில் வைத்திருந்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அட்டவணை சுத்தமாக இருக்கிறது என்று என் பேராசிரியர் பாராட்டவும் செய்தார்.

ஆராய்ச்சியின் முடிவை அந்த மக்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. நான் அதை வெகு ஜோராகச் செய்தேன். குடும்பக் கதைகளையும் அந்த அட்டவணையையும் சேர்த்துத் தமிழிலும் மலையாளத்திலும் சின்னப் புத்தகமாக அச்சடித்தேன். பெயர்களை எல்லாம் மாற்றினேன். அடுத்த லீவில் வந்து வீடு வீடாகக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். சர்க்கார் ஆபீசில் தலையைக் காட்டாமல் எந்தக் காரியமும் செய்யக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. யாரும் கேட்காமலே வில்லேஜ் ஆபீசுக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த அக்கா இரண்டு உருண்டை மறையூர் வெல்லம் கட்டிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து மூத்தவளிடமிருந்து போன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, நான் நூலகத்து வாசலில் நின்று பேசினேன். அவளுக்கு நர்சிங்கில் இட ஒதுக்கீட்டில் சீட் கிடைப்பதாக இருந்தது. அதற்கு ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டும். அவர்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் 1950ஆம் வருஷத்துக்கு முன்பே கேரளத்தில் இருந்ததாகக் காட்டினால்தான் அது கிடைக்கும். கையில் காகிதம் ஏது? எஸ்டேட்டின் பழைய ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டது. காகிதம் இல்லாதவர்களுக்கு வில்லேஜ் ஆபீசில் அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் கொடுப்பார்கள். அவளுடைய சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் கிடைத்தது.

"எங்களுக்கு விசாரிக்கவே இல்லக்கா. ஒங்க புக்க எடுத்து வச்சுட்டாங்க. அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு, ஒங்கம்மாவே சொன்னதுதானேன்னு கேக்காங்க."

"பேரெல்லாம் மாத்தித்தான போட்டேன்?"

"மரம் சாஞ்சு புருஷன் செத்தது, தையல் மெஷினு, ரெண்டு பொட்டப்புள்ள. எங்க எஸ்டேட்ல வேற யாருக்கா இருக்கா?"

பத்து நாளில் காலேஜில் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்க வேண்டும் என்றாள். என் தவறு என்று ஒப்புக்கொண்டு ஆபீசுக்குக் கடிதம் எழுதினேன். பேட்டியை வரிக்கு வரி எழுதி வைத்திருந்த தாளையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். 'இதை எழுதியதும் நீங்கள், அதை எழுதியதும் நீங்கள், எதை நம்புவது?' என்று பதில் வந்தது. அவர்களைச் சொல்லி என்ன செய்ய? நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் ரெக்கார்டிங் ஞாபகம் வந்தது. அக்காவின் குரல் இருக்கிறதே, தாத்தா கதை முழுக்க அதில் இருக்கிறதே! லேப்டாப்பைத் திறந்து தேடினேன். ஒன்றும் இல்லை. ஆய்வு முடிந்ததும், பேசியவர்களின் பாதுகாப்புக்காக ஒலிப்பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்று இன்னொரு விதி. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் நானே அழித்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தேன். மீட்க முடியுமா என்று கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டேன். துளிகூட மிச்சமில்லை, மிகச் சரியாக அழித்திருக்கிறீர்கள் என்று அந்த மனிதர் என்னைப் பாராட்டினார். பாழாய்ப்போன பாராட்டு! பத்து நாளும் ஓடிவிட்டது, சீட்டும் போய்விட்டது.

மறுபடி ஊருக்கு வந்த முதல் வாரமே மறையூர் பஸ் ஏறினேன். அந்த அக்கா வாசலில் நின்று, "வாங்க மேடம்" என்றார். முன்பு பாப்பாவாக இருந்தவள் நான். டீ கொடுத்தார், மெஷினில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"அப்பீல் போட்டிருக்கு. நான் பேசுனது பூரா அந்தப் போன்ல இருக்குல்ல மேடம்? அத எடுத்துப் போட்டுக் காட்டுனா நம்புவாங்கல்ல?"

"அத அழிச்சுப் போட்டேனுங்க்கா."

"எதுக்கு?"

வேறு என்ன சொல்ல? "உங்க பாதுகாப்புக்குத்தானுங்க்கா" என்றேன். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டேனா என்று இருந்தது.

மெஷின் நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "ஒங்ககிட்ட வாயத் தொறக்காம இருந்திருந்தா எம்புள்ள நர்சாயிருப்பா" என்றார். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பீல் இன்னும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அந்தப் பெண் இப்போது பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் இதுவரை அவளைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் நாலு தலைமுறைப் பத்திரம் துணியில் சுற்றி இருக்கிறது, எப்போது வந்தீர்கள் என்று எந்த ஆபீசும் எங்களைக் கேட்டதில்லை. அந்த அக்கா ஒருவர்தான் கேட்டார், அதற்கும் நான் சிரித்தேன். இன்றும் ஏதாவது படிவத்தில் வருஷம் எழுதச் சொல்லிக் கட்டம் போட்டிருந்தால் என் பேனா அங்கே நின்றுவிடுகிறது. அப்படி ஒரு கட்டத்தில்தான், டீ ஆறுவதற்குள், ஒரு பெண்ணின் படிப்பை நான் எழுதி முடித்தேன்.