காலில் கட்டிய குடை

கம்பி வளைந்த கறுப்புக் குடை ஒன்று என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மழைக்கு உதவாது. தூக்கிப் போடச் சொல்லி என் மனைவி நச்சரிக்காத நாளில்லை. போடமாட்டேன்.

சுனாமிக்குப் பிந்தைய வருடங்களில் சிதம்பரத்தில் ஒரு மருத்துவத் திட்டத்தில் எனக்கு வேலை. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, ரத்தம் ஓடாமல் கால் அழுகிவிடும், அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆராய்ச்சிகள் எப்போதோ சொல்லிவிட்டன. அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பதுதான் திட்டம். பொறுப்பு டாக்டரம்மா, ஜீப்பின் பின்னால் நோட்டீஸ் கட்டோடு போகிறவன் நான். ‘கட்டாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, டீக்கடை, ரேஷன் கடை என்று ஒரு சுவர் விடாமல் ஒட்டினேன். ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு எங்களுக்கு.

அப்புறம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைத் தூக்கிவந்தார்கள். முழங்காலுக்கு மேல் தாம்புக்கயிறு சதையில் புதைந்திருந்தது. உயிர் பிழைத்தது, கால் போய்விட்டது. நோட்டீஸைப் பார்க்கவில்லையா என்று அவர் மனைவியிடம் கேட்டோம்.

“படிச்சோம் சார். அதுக்குன்னு மனுசன் துடிக்கும்போது சும்மா பாத்துகிட்டு நிக்க முடியுமா?”

வேறு யாராக இருந்தாலும் ஜனங்களைத் திட்டியிருப்பார்கள். டாக்டரம்மா எங்கள் நோட்டீஸைத் திட்டினார். “வேணாம்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டோம் தம்பி. பயந்தவங்க கைக்கு ஒரு வேல குடுக்கல” என்றார். மறுவாரமே நோட்டீஸ் கட்டு இறங்கி, ஜீப்பில் குடையும் துண்டுகளும் ஏறின. எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல, கடிபட்ட காலோடு குடையை வைத்து, விரல் நுழையும்படி தளர்த்தியாகத் துண்டால் கட்டுவது. கால் அசையாது, ரத்தமும் நிற்காது, எதையாவது கட்டியாக வேண்டும் என்ற தவிப்பும் அடங்கும். டீக்கடை வாசல்களில் கடிபட்டவன் நான்தான். என்னைப் புழுதியில் படுக்கப் போட்டு, வேடிக்கை பார்க்கிறவர்களையே கட்டச் சொல்வார். இறுக்கினால் அவிழ்த்து மறுபடியும். கடலூர் மீனவர் குப்பங்களிலிருந்து திட்டக்குடி வரைக்கும் கடி வாங்கினேன். மானம் போகிறது என்று முனகினால், “கெடந்துட்டுப் போ, நாலு காலு பொழைக்கும்” என்பார். அந்த மனுஷிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வந்ததோ!

ஓர் அறுவடைக் காலத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து அக்கா போன் செய்தாள். மாமாவை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது, ஆட்டோவில் வருகிறார்கள் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எனக்கு அந்தத் தாம்புக்கயிறு தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. 

ஆட்டோ வந்தது. மாமாவின் காலோடு ஒரு கறுப்புக் குடை, தளர்த்தியாக, துண்டால். கட்டியவர் ஆட்டோக்காரர். அக்காவின் ஊருக்கு எங்கள் ஜீப் போனதே கிடையாது.

மருந்து ஏற்றி, இனி பயமில்லை என்றான பிறகு, இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டரம்மா ஆட்டோக்காரரிடம் கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

“இத யாரு மேடம் சொல்லிக் குடுக்கணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.”

எனக்கு வாய் துறுதுறுத்தது. டாக்டரம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். “ஆமாங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆட்டோக்காரருக்குப் புதுக் குடை வாங்கிக் கொடுத்துவிட்டு இதை நான் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா இன்று இல்லை. மாமா இரண்டு காலில் நடந்து வந்து, கதவுக்குப் பின்னால் இருக்கும் குடையைக் காட்டி, பாம்புக்கடிக்குக் குடை கட்டுவது தங்கள் பாட்டன் காலத்து வழக்கம் என்று என் பிள்ளைகளிடம் அளக்கிறார். நான் திருத்துவதில்லை.