அழிக்க மட்டும் அனுமதி

செசிலி அக்கா கம்ப்யூட்டர் பெட்டியில் காதை ஒட்டவைத்துக் கேட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவார். சினைப்பசுவின் வயிற்றில் காதை வைப்பதுபோல் இருக்கும். "சுத்துது. சுகமாட்டு இருக்கு," என்பார். உள்ளே இரைச்சல் கூடினால் பெட்டியை ஒரு தட்டு தட்டுவார். "கெடந்து மொரளாத. தின்னது போதும்."

கடியப்பட்டணத்தில், மீன்பிடி வள்ளக்காரர் சங்கத்தின் வயர்லெஸ் அறை அது. கடலிலிருந்து வரும் பேச்செல்லாம் தானாகவே ஹார்ட் டிஸ்கில் பதிவாகும். என்ஜின் நின்றுபோனவர் சொல்லும் இடம் காதில் சரியாக விழாவிட்டால், திரும்பப் போட்டுக் கேட்கலாம். டிஸ்க் நிறைந்தால் பதிவு நின்றுவிடும். அதனால் வெள்ளிதோறும் மதியம் அக்கா பழையவற்றை அழித்து, டிஸ்க்கைச் சரிபார்த்து வைக்கிறார்.

நான் ஷிஜின். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு இதுபோல ஒன்பது அலுவலகங்களுக்கு நான்தான் அட்மின். முன்பெல்லாம் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கமாட்டேன். அதில் எனக்கொரு வெட்டி கெத்து. ஒரு பழைய பதிவை அழிக்கக்கூட அக்கா எனக்குப் போன் செய்து காத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் காத்திருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டுக் கால்மணி நேரம் ஆக்கினேன். என் குரல் கேட்கவேண்டும் என்பதற்காக அவர் வயர்லெஸ் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் கணவர் அல்போன்ஸ் கடலிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். பதினோரு விநாடி; பிறகு பதிவில்தான் கேட்டோம்.

"செசிலியே, கேக்குதா? வள்ளத்துல வெள்ளம் கேறுது. கேக்குதா?"

பதில் போகவில்லை. வள்ளமும் வரவில்லை.

மறுவாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். அட்மின் இல்லாமலே டிஸ்க்கைப் பராமரிக்கும் அனுமதியை அக்கா பெயருக்குக் கொடுத்தேன். அழிக்கலாம், சரிபார்க்கலாம், மற்றதற்கெல்லாம் என்னைத்தான் கூப்பிட வேண்டும். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசிவிட்டால் தேவலை என்றிருந்தது. கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்.

போன வெள்ளி அவரே போன் செய்தார். "மக்கா, எவ்வளவு அழிச்சாலும் எடம் காணல. ஒண்ணு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். டிஸ்க்கில் பழுதில்லை. ஒரே ஒரு பதிவு முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருந்தது. அல்போன்ஸ் அண்ணனுடையது; அதை மட்டும் அக்கா இத்தனை நாளும் அழிக்காமல் விட்டிருந்தார். தேதி அதே பழைய தேதிதான். நீளம் மட்டும் நூற்று நாற்பது மணி நேரம். போட்டுக் கேட்டோம். முதலில் அந்தப் பதினோரு விநாடி, பிறகு வெறும் அலைச் சத்தம். நடுவில் எங்கே தொட்டாலும் அலைதான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீளம் ஒரு நிமிடம் கூடியது.

"வைரஸா இருக்கும்க்கா," என்றேன். எனக்கே அதில் நம்பிக்கையில்லை.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "முப்பத்தாறு வள்ளம் இப்பம் வெளிய கெடக்கு. அதுல ஒருத்தன் விளிச்சா எடம் வேண்டாமா?"

"நான் அழிச்சிரட்டா?"

"வேண்டாம். அனுமதி எனக்குல்லா தந்திருக்க."

அழிக்கும் பொத்தானை அவரே அமுக்கினார். பதிவு போனது, டிஸ்க்கில் இடம் வந்தது. ஆனால் அலைச் சத்தம் நிற்கவில்லை. வெளியே கடல் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் நிற்கவில்லை. சத்தம் வயர்லெஸ் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"அவரு இன்னும் லைன்லதான் இருக்காரு," என்றார் அக்கா. "நீ சொல்லு மக்கா, கேக்குதுண்ணு."

வயர்லெஸ் மைக்கை எடுத்து, பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி, என் வாய்க்கு நேரே நீட்டினார்.