பிடுங்காத முள்

என் வீட்டுக்காரர் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் நான் சாமியிடம் நகை கேட்டதில்லை, நட்டு கேட்டதில்லை. இன்றைக்கு முள் குத்தாமல் இருக்கவேண்டும் என்றுதான் கேட்பேன். காலையில் விளக்கேற்றும்போதும் அதுதான், அவர் சைக்கிளை வெளியே எடுக்கும்போதும் அதுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். அவருக்குப் பல்லாவரம் தாண்டி ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. வேலை என்றால் நிரந்தரம் இல்லை, டெம்பரவரி. ரயிலில் போயிருக்கலாமே என்று என் மருமகன் கேட்கிறார். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவும் அதே ஏரிக்கரை வழியாகத்தான் போகவேண்டும். வழி முழுக்க வேலிகாத்தான் முள். வேர்க்கடலை போட்டிருக்கும் மாதங்களில் ஆடு மாடு உள்ளே போகாமல் இருக்கக் கழனிக்காரர்கள் முள்ளை வெட்டி, கட்டாகக் கட்டி, மாட்டுவண்டியின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இழுத்த வழியெல்லாம் முள் சிதறும். நடந்து போகிறவன் பார்த்து மிதிப்பான், சைக்கிளுக்குக் கண்ணா இருக்கிறது?

அந்த வருஷம் அவர் கம்பெனிக்கு நேரம் கழித்துப் போய், கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தது நடந்திருந்தது. ஒரு தடவை இல்லை, மறுபடியும் நடந்தது. காலைச் சங்கு ஊதியதும் கேட்டை மூடிவிடுவார்கள். மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டாராம், "இன்னாய்யா, எப்பப் பாத்தாலும் முள்ளு குத்திச்சி முள்ளு குத்திச்சின்றே. உங்க ஊர்ல முள்ளத்தான் பயிர் வெக்கிறீங்களா?" கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை. இந்த வருஷம் நிரந்தரம் பண்ணப்போகிறோம், அதற்கு முன்னால் டாக்டர் பரிசோதனை, மெடிக்கல், அன்றைக்குச் சங்குக்குப் பிறகு வந்தால் உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டுச் செய்யாமல் இருக்கிற மனிதர் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அன்று முதல் அந்தச் சைக்கிள் என் பொறுப்பு ஆகிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பஞ்சர் ஒட்ட நான் கற்றுக்கொண்டது அவர் ஒட்டுவதைப் பார்த்துத்தான். கரண்டிக் காம்பால் டயரை ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, குண்டான் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, காயவிட்டு, பேட்ச் ஒட்டவேண்டும். இதெல்லாம் எல்லோரும் செய்வார்கள். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய பருத்திப் புடவைக் கிழிசலை டயரின் உள்பக்கம் வைத்துச் சுற்றிலும் தேய்த்துக்கொண்டு வருவேன். முனை உடைந்து உள்ளே நிற்கிற முள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சில நேரம் தெரியாது. துணி மாட்டிக்கொள்ளும். மாட்டிய இடத்தில் ஊக்கால் நோண்டி எடுப்பேன். என் கைப்பட்ட டயரில் முள் தங்கியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

விடிந்ததும் இன்னொரு வேலை. வாசலைப் பெருக்கி முடித்து, களம் கூட்டுகிற துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாதையையும் பெருக்குவேன். எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரை ஏறும் மேடு வரைக்கும். எதிர்வீட்டுக்காரி தினமும் அதைப் பார்க்க வெளியே வந்து நிற்பாள்.

"இன்னாக்கா, கலெக்டர் வர்றாரா? அப்பிடியே தாம்பரம் வரிக்கும் பெருக்கிகினு போய்ட்டு வந்துடேன்."

"போறேண்டி. நீ பின்னாடியே சாணி தெளிச்சிகினு வா" என்பேன்.

அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கரை நெடுக நான் பெருக்காத பாதை கிடக்கிறதே என்பதுதான் நினைப்பு.

மெடிக்கல் நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே இரண்டு டயரையும் துணியால் தேய்த்து, காற்றடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் மறுபடியும் அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பினார். பம்பை எடுத்துப்போகவில்லை. கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் பம்பை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவார்.

அவர் மேடு ஏறி மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பக்கத்துக் கழனிக்காரர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு, கழனி வழியாக வந்து எங்கள் வீட்டுப் பக்கம் இறங்கினார். நல்ல மனிதர். வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.

"இன்னா பெரிப்பா, காலங்காத்தால வண்டி?" என்று சொம்பைக் கொடுத்தேன்.

"வேலி போடணுமே, பொண்ணு. வெயில் ஏறினா மாடு இழுக்காது. விடியறதுக்கு முன்னாடியே ஏரிக்கர மேல முள்ளு இழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ஒரு நட கீது."

அவர் குடித்து முடிப்பதற்குள் நான் பம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரிய பெண்ணிடம், சின்னதைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்ன நினைவு. அடுப்பில் என்ன இருந்தது என்று தெரியாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். பின்னால் எதிர்வீட்டுக்காரியின் குரல் கேட்டது, "அக்கா, தொடப்பத்த வுட்டுட்டுப் போறியே!"

கரைமேல் ஏறியதும் பார்த்தேன். பாதை நடுவில் முள் இழுத்த தடம், பெரிய பாம்பு போன மாதிரி. ஒதுங்கி ஓட்ட இடமில்லை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். தூரத்தில் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கை டயர்மேல் இருந்தது.

"மாமா! கைய எடு! புடுங்காத!"

அவர் திரும்பிப் பார்த்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பின்டயரில் வேலிகாத்தான் முள் ஒன்று கட்டைவிரல் நீளத்துக்கு ஏறி நின்றது. பாதி வெளியே தெரிந்தது. டயரை அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"முள்ளு ஏறிகினு கீது, புடுங்காம இன்னா பண்ணச் சொல்றே?"

"புடுங்கினா புஸ்ஸுனு பூடும். உள்ள இருக்கங்காட்டியும் அதுவே அடச்சிகினு கீது. அப்பிடியே ஓட்டிகினு போ."

"இன்னாமே பேசறே? முள்ள வெச்சிகினு எவனாவது வண்டி ஓட்டுவானா?"

காலில் முள் ஏறினால் முதல் வேலையாகப் பிடுங்கிப் போடுவோம். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைகூட அதைச் செய்யும். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போகிறது. அவருக்குக் கை துறுதுறுவென்று இருந்தது எனக்குத் தெரிந்தது. நான் அவர் கைக்கும் டயருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்கு முந்தின மாதம் ஒரு சாயங்காலம் டயரில் முள் இருப்பதைப் பார்த்தேன். சின்னவளுக்குக் காய்ச்சல், அவளை மடியிலிருந்து இறக்க முடியவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் காற்று அப்படியே இருந்தது. முள்ளை எடுத்த மறு நொடி சீறிக்கொண்டு போனது. இதை அவரிடம் சொன்னேன்.

"அது நின்னுகினு இருந்த வண்டி. இதுல நான் குந்தினு போவணும். ஒண்ணா அது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஓடுகிற வண்டியில் முள் ஆடும், ஓட்டை பெரிசாகும், பாதி வழியில் மொத்தமும் போகலாம். அப்போது ஒட்டவும் நேரம் இருக்காது, நடக்கவும் நேரம் இருக்காது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வேலையை விட்டவன் என்று ஊர் சொல்லும். இதெல்லாம் என் மனசில் ஓடியது. வாய் மட்டும் பின்வாங்கவில்லை.

"இங்கியே குந்தி ஒட்டினா சொலூஷன் காயறதுக்குள்ள சங்கு ஊதிடும். அது நிச்சயம். இது போனாலும் போவும், நின்னாலும் நிக்கும். நீயே சொல்லு."

அவர் குனிந்து, வெளியே நீட்டிய பாதியைக் கல்லில் தட்டி டயரோடு ஒட்டினாற்போல் உடைத்தார். நான் பம்பை மாட்டிக் காற்றடித்தேன். தடத்தைத் தாண்டும் வரைக்கும் சைக்கிளை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தடம் முடிந்த இடத்தில் பம்பை அவர் கேரியரில் கட்டினேன்.

"திருடிகினு பூட்டா?"

"போவட்டும். போ மாமா."

அவர் போனார். முதுகு தெரிகிற வரைக்கும் நின்று, பின்டயரையே பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்? தெரிகிற மாதிரி பார்த்தேன்.

அந்தப் பகல் போனதைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. இப்போது ரயில்வே கேட்டுக்குப் போயிருப்பார், கேட் மூடியிருந்தால்? இப்போது தாம்பரம் தாண்டியிருப்பார், கல் குத்தியிருந்தால்? இப்போது குரோம்பேட்டை. அதற்குமேல் எனக்கு இடம் தெரியாது, அதனால் மறுபடியும் ரயில்வே கேட்டிலிருந்து ஆரம்பிப்பேன். சோறு வடித்தேன், குழைந்துபோனது. பெரியவள், "இன்னாம்மா, கஞ்சியா இது?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். தண்ணீருக்குப் போன இடத்தில் எதிர்வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"முள்ளோடயே அனுப்பிச்சிட்டியாமே, அக்கா? அடுத்த நடைக்குப் போம்போது கரமேல கழனிக்காரர் பாத்தாராம். அண்ணன் போய்ச் சேந்தாரா?"

"சேந்திருப்பாரு" என்றேன்.

"சேரலன்னா வூட்டுக்கு வந்திருப்பாரே. அதுவும் செரிதான்" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கோ அன்று யார் எது சொன்னாலும் குத்தியது. கம்பெனி கேட்டை மூடிவிட்டால் நேராக வீட்டுக்கு வராமல் வேறு எங்காவது போய் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். போன தடவை அப்படித்தான் செய்தார்.

வெயில் தாழ்ந்தது. வேலை விட்டு வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேட்டை இறங்கிப் போனார்கள். இவரைக் காணவில்லை. பெரியவளை மேட்டுக்கு அனுப்பினேன். அவள் ஓடிவந்து, "அப்பா வருதும்மா. தள்ளிகினு வருது" என்றாள்.

தள்ளிக்கொண்டு. நான் வாசலைவிட்டு உள்ளே போகவில்லை. எதிர்வீட்டுக்காரி அவள் வாசலில் அரிசி புடைப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தார். பின்டயர் தரையோடு தரையாகப் படிந்து, ரிம் தடதடவென்று வந்தது. சட்டை முழுக்க வேர்வை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தண்ணீர் என்று கை காட்டினார். கொடுத்தேன்.

குடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். உடைந்த முள்.

"நீயே புடுங்கிட்டியா?" என்றேன்.

"நான் எங்க புடுங்கினேன்? கம்பெனி கேட்டு வரிக்கும் நின்னுச்சி. நடுவுல ஒருக்கா காத்தடிச்சேன், அவ்ளோதான். சங்கு ஊதும்போது நான் உள்ள சட்டையக் கழட்டிகினு டாக்டர் எதிர்ல நின்னுகினு இருந்தேன். வெளிய வந்து பாத்தா வண்டி தரையில கீது. வாட்ச்மேன் பெரியவரு சிரிச்சிகினே வர்றாரு. 'தம்பி, டயர்ல முள்ளு இருந்திச்சி, பாவம் நீ பாக்கல போலக்கீது, நானே இடுக்கி போட்டுப் புடுங்கிட்டேன்'னாரு. கையில வேற குடுக்கறாரு, பத்திரமா. அவர இன்னா சொல்றது? தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன்."

"பம்பு?"

"பம்பு இருந்திச்சி. காத்து நிக்கணுமே. கடையில ஒட்டக் கையில காசு இல்ல."

பல்லாவரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். நான் கேட்கவேண்டியதை இன்னும் கேட்கவில்லை. முள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"சேத்துக்கினாங்களா மாமா?"

"ம். பேர எழுதிக்கினாங்க. ஒண்ணாந்தேதிலேருந்து பர்மனென்ட்."

"இன்னா சொன்னே?"

"பர்மனென்டுன்னேன்."

"உரக்கச் சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார், எதிர்வாசலைப் பார்த்தார். முறத்தின் சத்தம் நின்றிருந்தது. அவருக்கு வெட்கம், சிரிப்பு வேறு. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பர்மனென்ட் ஆயிடுச்சிமே!" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் உள்ளே போனேன். போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்தவள்தான். பெரியவள் வந்து கூப்பிட்டும் வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. முள் இன்னும் என் உள்ளங்கையில்தான் இருந்தது.