கோச்சின் கத்தரிக்கோல்

மகளிர் கல்லூரிக்கு எதிரே சலூன் வைத்திருப்பவரைத் தெருவே 'கோச்' என்றுதான் கூப்பிடும். ஆயுசில் அவர் கூடைப்பந்தைத் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கல்லூரி அணியின் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஆட்டத்துக்கு மறுநாள் விவரம் தெரிந்தவர்கள் அவரிடம் தலையைக் கொடுக்க மாட்டார்கள்.

கோச்சின் மனைவியின் தம்பிக்கு அந்த விவரம் போதாது. சீசனின் முதல் ஆட்டத்தில் அணி ஜெயித்த மறுநாள் காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முதல் பாதி என்ன அழகு, மச்சான். இருபது பாயின்ட் முன்னாடி இருந்தாங்க" என்று ரசித்துச் சொல்லியபடியே கோச் இடப் பக்கத்தை முடித்தார். வலப் பக்கம் வந்ததும் குரல் மாறியது. "அப்புறம் என்ன கேடு வந்துச்சு? போடுற பாஸெல்லாம் எதிராளி கைக்குப் போகுது. ஒரே பாயின்ட்ல தப்பிச்சாங்க. இதெல்லாம் ஒரு வெற்றியா?"

"விடுங்க மாமா. ஜெயிச்சாச்சுல்ல, அது போதாதா?"

அந்தப் பேச்சில் கோச்சுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. கடைசி நிமிடத்தில் எதிரணி எப்படிப் புகுந்தது என்று சீப்பால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டே மிச்சத்தையும் வெட்டித் தள்ளினார்.

மச்சினன் கண்ணாடியைப் பார்த்தான். முதல் பாதியில் வெட்டிய இடப் பக்கத்தில் மாப்பிள்ளைக் களை. இரண்டாம் பாதியில் மாட்டிய வலப் பக்கம் ஆடு மேய்ந்த தோட்டம்.

"என்ன மாமா இது?"

கோச்சின் முகம் ஒரு கணம் தொங்கியது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெட்டியாச்சுல்ல மச்சான், அது போதாதா?"