இடது பக்கத்து வயலின்

இயர்போனைக் காதில் வைக்குமுன் மாமா அதைச் சட்டை நுனியில் துடைப்பார். ஒயரில் சிக்கல் இருந்தால் இழுக்க மாட்டார். நகத்தால் நிதானமாகப் பிரிப்பார். இடதைத் தன் காதில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே வலதைப் பக்கத்தில் நீட்டுவார். அங்கே அத்தையின் கை தயாராக இருக்கும்.

இருவருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மாமா துவைக்கிற இயந்திரத்தில், அத்தை விரிப்புகளை மடிக்கிற மேசையில். உள்ளே இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வேலைக்குப் போகிற வேனில்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. கேமரா இருக்கிறதென்று போனை உள்ளே விடமாட்டார்கள். அதனால் அவர்களிடம் ஒரு பழைய பாட்டு பிளேயர் இருந்தது.

அதில் ஒரு பாட்டு. நடுவில் பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் மாமா எதையோ முனகுவார்.

"இல்லாததை எல்லாம் நீங்களா சேத்துப் பாடாதீங்க" என்பாள் அத்தை.

"அது வயலின்டி."

"ஆமா, உங்க மண்டைக்குள்ள வாசிக்குது."

நானும் சில நாள் வேலைக்குப் போகும் வழியில் அந்த வேனில் பின்சீட்டில் போயிருக்கிறேன். கவிதைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரும்பாலும் இவர்களைத்தான் படித்தேன்.

மாமா ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது அந்தப் பிளேயர் உயிரை விட்டது. நான் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு இருவரும் வந்தார்கள். கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று உள்ளங்கை அகலத் திரையோடு படமும் ஓடுகிற பிளேயர். மற்றது தீப்பெட்டி அளவு; பாட்டு மட்டும்.

"பெருசுதான்" என்றார் மாமா. "அடுத்த மாசத்துலேருந்து இவ தனியாப் போகணும். படம் பாத்துக்கிட்டே போனா வழி போறதே தெரியாது."

"வெயில்ல திரை சரியாத் தெரியாது மாமா. படம் ஓடினா சார்ஜும் சீக்கிரம் இறங்கிடும். சின்னதுல பட்டன் இருக்கு, பைக்குள்ளயே தடவிப் பாட்டை மாத்தலாம்."

"கவிஞரே, விக்க வந்தியா, வேணாம்னு சொல்ல வந்தியா?"

அத்தை இரண்டையும் தொடவில்லை. "எனக்கு எதுவும் வேணாம். ஜன்னலைப் பாத்துக்கிட்டுப் போறேன்."

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. அவள் அப்படித் தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சின்னப் பிளேயரில் அந்தப் பாட்டைப் போட்டு, கடையின் பெரிய ஹெட்போனை அத்தையின் இரண்டு காதிலும் வைத்துவிட்டேன். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பாடகர் மூச்சு வாங்கினார். அத்தையின் கை மேசையின் ஓரத்தைப் பிடித்தது.

"ஏங்க, வயலின் இருக்குங்க."

காதில் ஹெட்போன் இருந்ததால் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவர்கள் கேட்ட பாட்டுகள் பலவற்றில் ஒரு வாத்தியம் ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும் என்று விளக்கினேன். இத்தனை வருஷமாக ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

"உங்களுக்கு என்ன கேக்கலைன்னு பாருங்க" என்று ஹெட்போனை மாமாவிடம் கொடுத்தாள். மாமா கேட்டுவிட்டு, "அட, மணிச் சத்தம் மாதிரி ஒண்ணு" என்றார்.

"அதைத்தான் நான் தலையாட்டிக் கேப்பேன். பாட்டுக்குத் தாளம் போடத் தெரியலைன்னு கிண்டல் பண்ணுவீங்களே."

சின்னதை வாங்கினார்கள். "இனிமே ரெண்டு காதுலயும் மாட்டி முழுசாக் கேளு" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை சரி சரி என்றாள். அடுத்த மாதம் மாமா வீட்டில் இருந்துகொண்டார்.

பல வாரங்கள் கழித்து வேன் டிரைவர் சார்ஜர் வாங்கக் கடைக்கு வந்தார். அத்தை எப்படிப் போகிறாள் என்று கேட்டேன்.

"அவங்களா? வலது காதுல மட்டும் மாட்டிக்குவாங்க. இன்னொண்ணைத் துடைச்சுப் பக்கத்துக் காலி சீட்டுல வெச்சுக்குவாங்க. நடுவுல ஒரு இடம் வந்தா, அவங்களே என்னமோ முனகுவாங்க தம்பி."