அத்தானுக்குப் போன பனாட்டு ஓரம்

எந்த ஆண்டு என்று நிச்சயிக்கப் பல தடவை முயன்றிருக்கிறேன். மலேரியாக் காய்ச்சல் அடங்கிவிட்டது. உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. அதற்குமேல் ஞாபகம் ஒத்துழைப்பதில்லை. மாதத்தில் மட்டும் சந்தேகமில்லை. அக்காவின் கல்யாணம் வைகாசியில். அதன்பின் ஆடியில் மாமாங்கத் தீர்த்தத் திருவிழா வந்து போய், அங்கே வாங்கிய ஊதுகுழலும் உடைந்துவிட்டிருந்தது. ஆகவே ஆவணி. வாவிக்குக் கிழக்கே, எங்கள் எழுவான்கரை ஊரில் பனம்பழம் விழும் காலம்.

அம்மா பழத்தின் தோலை உரித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கூழாக வந்த களியைச் சீலையில் வடிப்பார். முற்றத்தில் கம்பு நட்டுக் கட்டிய பந்தலில் ஓலைப்பாயை விரித்து, அதன்மேல் களியை ஊற்றிப் பரப்புவார். அது வெயிலில் காய்ந்ததும் இன்னொரு பூச்சு. இப்படிப் பூச்சுக்குமேல் பூச்சாக ஏறி, கடைசியில் தோல்போலத் தடித்த பனாட்டு பாயிலிருந்து உரிந்து வரும். வெட்டிப் பானையில் அடுக்கி வைத்தால், மாரிக்காலம் முழுவதும் பிள்ளைகளின் வாய்க்கு வேலை இருக்கும்.

பாயின் ஓரத்தில் களி மெல்லியதாகப் படியும். அது முந்திக் காய்ந்து, சுருண்டு, மொறுமொறுக்கும். நடுத்துண்டில் உள்ள, தொண்டையைப் பிடிக்கும் காறல் அதில் இராது. அந்த ஓரம் காவல்காரனுக்கு உரியது. காகத்தையும் ஆட்டையும் துரத்தி, எறும்பு ஏறாமல் பந்தல் கால்களைச் சுற்றிச் சாம்பல் கொட்டும் காவல்காரன் நான். இந்தப் பதவியை எனக்கு யாரும் தந்ததில்லை, யாரும் மறுத்ததுமில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்குத்தான்; ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். கல்யாணம் முடிந்ததும் பெரிய வீடு அக்காவுடையதாயிற்று. அத்தான் அங்கே வந்து குடியேறினார். அப்பாவும் அம்மாவும் நானும் அதே வளவில் கிணற்றடிப் பக்கம் புதிதாக வேய்ந்த சின்ன வீட்டுக்குப் போனோம். நான் என் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனேன். வீடு போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை.

வருத்தம் முதற்பாய் உரிந்த அன்று வந்தது. அம்மா நான்கு பக்க ஓரத்தையும் நறுக்கி ஒரு பித்தளைத் தட்டில் வைத்தார்.

"இதக் கொண்டுபோய் அத்தானுக்குக் குடு மனே."

மாமியார் மருமகனோடு நேரே பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மாவின் சொல்லையும் பலகாரத்தையும் சுமந்து செல்லும் உத்தியோகமும் என் தலையில்தான் இருந்தது.

"அப்ப எனக்கு?"

"நடுவுல வெட்டித் தாறன்."

"நடு காறும்."

"காறினாலும் தின்னலாம். அவர் வந்த மனிசன்."

வந்த மனிசன்! வந்தவர் ஒருநாள் திரும்பிப் போகவும் வேண்டுமல்லவா? அவருக்கு உட்காரப் பெரிய கதிரை போனது, மீன் தலை போனது, முட்டைப்பொரியல் போனது; பொறுத்திருந்தேன். தட்டை நீட்டும்போது அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அத்தான், நீங்க எப்ப உங்கட வீட்ட போவீங்க?"

அவர் படுவான்கரைக்காரர், வாவிக்கு அக்கரையில் அவருடைய ஊர். தட்டை வாங்கிக்கொண்டு சிரித்தார். "கேட்டுச் சொல்லுறன் தம்பி" என்றார். அக்கா வந்து என் காதைத் திருகினாள்.

அவர் என் முன்னால் முழுதாகத் தின்றதேயில்லை. ஒரு நுனியை முறித்து வாயில் போடுவார், அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் தட்டியது. பிறகொரு பாய் உரிந்த காலையில் காவலை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் துறைக்குப் போனேன். அவர் மடியிலிருந்து ஒரு வாழைச்சருகுப் பொட்டலத்தை எடுத்துத் தோணிக்காரரிடம் கொடுப்பதைத் தாழைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"எங்கட அம்மாட்ட குடுத்திருங்க அண்ணன். எங்கட சின்னத் தம்பி ஓரந்தான் கேப்பான். ஒவ்வொரு வருசமும் நான்தான் அவனுக்கு எடுத்துக் குடுக்கிற."

அக்கரையில், நான் கண்டிராத ஒருவன், என் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தான்! அத்தான் மேல் இருந்த எரிச்சல் அவனுக்கும் பங்காகப் போய்க் குறையும் என்றுதான் நினைப்பீர்கள். இரட்டித்தது.

அன்று மத்தியானம் அப்பாவும் அத்தானும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். அம்மா அடுப்படிக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். சபை நிறைந்திருந்தது.

"அத்தான் எங்கட பனாட்டத் தோணியில ஏத்தி அக்கரைக்கு அனுப்புறாரு" என்றேன்.

அக்காவின் அகப்பை நின்றது. அத்தானின் கை சோற்றிலேயே கிடந்தது; காது நுனிவரை சிவந்துவிட்டார். பெண் வீட்டுப் பொருளைச் சொல்லாமல் தாய்வீட்டுக்கு அனுப்பிய மருமகன் என்ற பெயர் ஊரில் எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போகட்டும் என்றே இருந்திருப்பேன்.

அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

"நான் சொல்லித்தான் அனுப்பினவர்" என்றார். "மீனப் போடு புள்ள."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல், கதவோடு பேசுவதுபோல வந்தது: "முந்தியே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைக்கும் கூட வெட்டி வெச்சிருப்பனே."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. என் அப்பா, நேற்று வந்த ஒருவருக்காக! அத்தான் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஆனால் கை கழுவப் போகும்போது அப்பாவுக்கு அவர்தான் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அதுவும் என் வேலை.

கிணற்றடியில் அப்பாவைத் தனியே பிடித்தேன்.

"நீங்க சொல்லல்ல. ஏன் பொய் சொன்னீங்க?"

அப்பா பிறந்த ஊரும் படுவான்கரையில்தான். கல்யாணத்துக்குத் தோணியில் வந்து இறங்கியவர் என்று அம்மா கேலியும் பகிடியுமாகச் சொல்வார். அது எனக்குத் தெரியும்; வாவித் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பது தெரிந்ததுபோலத் தெரியும்.

அவர் ஈரக் கையைச் சால்வையில் துடைத்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லாதது எனக்கு மேலும் எரிச்சலூட்டியது.

"நீயும் ஆம்பிளப் பிள்ளதானே" என்றார். "போ, காகம் வருகுது."

ஆண்பிள்ளை என்றால் காவலை விடக் கூடாது என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். தடியைத் தூக்கிக்கொண்டு பந்தலடிக்கு ஓடினேன். ஒரு காகத்தையும் காணவில்லை.