கோயமுத்தூருக்குப் போன ஏழு ஞாயிறுகள்

எனக்குக் கல்யாணமான வருஷம், மார்கழியிலும் தையிலுமாக ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் நானும் என் வீட்டுக்காரரும் கோயமுத்தூர் போய் வந்தோம். சாமான் வாங்கவும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை. சும்மா சுற்றிப் பார்க்க. எழுபதுகளில், கேரளத்து எல்லைக்குள் இருக்கிற எங்கள் வடகரப்பதிப் பக்கம் அப்படி யாரும் போனதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பஸ் ஏறினால் ஒன்று கல்யாண வீடாக இருக்கும், இல்லாவிட்டால் எழவு வீடாக இருக்கும்.

அப்போது எனக்கு இருபது வயது. பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் ப்ரீ-டிகிரி முடித்திருந்தேன். ஜாதகத்தில் செவ்வாய் என்று இரண்டு மூன்று இடம் தட்டிப் போய், கடைசியில் இவருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு முப்பத்தொன்று. முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதையும் மறைக்கவில்லை. "காய்ச்சல்ல போயிருச்சுங்க, கொழந்தை குட்டி ஒண்ணுமில்லீங்க" என்று பெண் பார்க்க வந்த அன்றே அவருடைய அம்மா சொல்லிவிட்டார். அதோடு சரி. நான் போன பிறகு அந்த வீட்டில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு போட்டோ கிடையாது, ஒரு பழைய சேலை கிடையாது. எங்கள் அறைக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

நிலக்கடலை பிடுங்கி முடித்த வாரம் அவர் கேட்டார். "டவுனுக்குப் போயிட்டு வரலாமா அம்மிணி?" நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மார்கழிக் காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரிக்கொண்டு வீசும். உதடு வெடித்துவிடும். தலையைச் சேலையால் போர்த்திக்கொண்டு வேலந்தாவளத்தில் பஸ் ஏறினோம். அவர் என்னை இடதுபக்கம் ஜன்னலோரம் உட்கார வைத்தார். உக்கடத்தில் இறங்கியதும் ஆளே மாறிவிட்டார். வேகமாக நடந்தார், கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். பூ வாங்கித் தந்தார். டவுன்ஹால் பக்கத்து ஓட்டலில் ரவா தோசை. பிறகு பூங்காவில் கூண்டுக்குள் இருந்த கரடி. வெயில் சாய்வதற்குள் பஸ். வழியெல்லாம் எதையும் யோசித்து நிற்கவில்லை அவர். எங்கே திரும்ப வேண்டும், எந்த பெஞ்சில் நிழல் விழும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு பொருட்காட்சிக்குப் போனோம். அவ்வளவு பெரிய அப்பளத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராட்டினத்தில் ஏறினோம். எங்கள் தொட்டி உச்சிக்குப் போய் நின்றது. கீழே ஊரே மஞ்சுக்குள் கிடந்தது. சட்டென்று என் கையை இறுக்கிப் பிடித்து, "பயப்படாத, கீழ பாக்காத. எம்மூஞ்சியப் பாரு" என்றார்.

எனக்குப் பயமே இல்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் படி இல்லாத பக்கமாக இறங்கி ஏறியவள் நான். அதைவிட, என் முகத்தைப் பார்க்காமலேயே அவர் அதைச் சொன்னார். தொட்டி கீழே வந்த பிறகும் அந்தக் குரல் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது போல.

மூன்றாவது ஞாயிறு அதே ஓட்டல். தோசை சாப்பிட்டு முடித்தோம். பரிமாறுகிறவர், நடுத்தர வயது ஆள், இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்தார். ஒன்றை என் பக்கமாகத் தள்ளி, "அம்மிணிக்கு சக்கரை போடலீங்க. எனக்கு ஞாபகம் இருக்குது" என்று சிரித்தார். சிரித்தபடியே என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் டம்ளரில் வைத்த கையை எடுக்கவில்லை. எனக்குக் காப்பியில் சர்க்கரை தூக்கலாக வேண்டும். ஆனாலும் அந்தக் காப்பியைக் கடைசி மடக்குவரை குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஏனுங்க, இங்கெல்லாம் அவங்களோட வந்தீங்களா?"

எல்லையில் செக்போஸ்ட்காரர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். கேரளாவுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று சீட்டுக்கு அடியில் தடவிப் பார்ப்பார்கள். "காலைத் தூக்கும்மா" என்றார் ஒருவர். தூக்கினேன். அவர்கள் இறங்கி, பஸ் நகர்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"எனக்கு டவுன்ல வேற எடம் தெரியாது அம்மிணி. அவதான் பேப்பர்ல பாத்துப் பாத்து, இங்க போலாம், அங்க போலாம்னு என்னய இழுத்துட்டுப் போவா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

கோபம் வரவில்லை. பயம் வந்தது. நான் உட்கார்ந்திருந்த ஜன்னலோரம், நான் வைத்திருந்த பூ, நான் குடித்த காப்பி எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து எழுந்து போயிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர வேறு எண்ணமே இல்லை. முகம் தெரிந்தால் என்னை விட்டுவிடுவாள் என்று தோன்றியது.

நான்காவது ஞாயிறு, "ஒரு போட்டோ புடிச்சுக்கலாமுங்க" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொரு நாளைக்குப் புடிச்சுக்கலாம்" என்றார். நான் விடவில்லை. கூட்டிப் போனார். ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து படங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நேரே உள்ளே போய்விட்டார். அதனாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் இருந்தாள். என்னைவிடச் சின்ன உருவம். ஸ்வெட்டர் போட்டு, ஒரு தோளை லேசாகத் தூக்கிக்கொண்டு, சிரிக்கப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இவர், நான் பார்த்திராத ஒரு சிரிப்போடு.

ஸ்டூடியோக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளியே வந்து, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். "அதை எடுத்தறட்டுங்களாம்மா? எனக்குத் தெரியாதுங்க."

"வேண்டாங்க. இருக்கட்டும்" என்றேன்.

உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து விளக்கைப் போட்டார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "அம்மா, அந்தத் தோளைக் கொஞ்சம் எறக்குங்க. தூக்கிட்டிருக்குது."

இறக்கினேன். மறுபடி துணிக்குள் போனவர் மறுபடி வெளியே வந்தார். "இன்னும் எறக்கோணும்மா." என் தோள் தூக்கியிருப்பது எனக்குத் தெரியவேயில்லை. என் வீட்டுக்காரர் கையை என் தோளில் வைத்து மெதுவாக அழுத்தினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

ஐந்தாவது ஞாயிறு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு வெகுநேரம் பேசினார். ஆடி மழையில் காய்ச்சல். ஏழே நாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நினைவில்லை.

"ஏரோப்ளேன் பாக்கோணும்னு கேட்டுட்டே இருந்தா" என்றார். "பீளமேட்டுக்குப் போனா வேலியோரம் நின்னு பாக்கலாமாம். பேப்பர்ல பாத்திருக்கறா. அடுத்த ஞாயித்துக்கெழமை, அடுத்த ஞாயித்துக்கெழமைன்னு நான் தள்ளிட்டே வந்தேன். கரும்பு வெட்டு வந்துது, அப்பறம் வெதைப்பு வந்துது."

"அடுத்த ஞாயித்துக்கெழமை போலாமுங்க" என்றேன்.

"வேண்டாம் அம்மிணி."

"போலாமுங்க. நான் பாக்கோணும்."

பொய்தான். எனக்கு ஏரோப்ளேன் மேல் ஒரு ஆசையும் இல்லை. அவளுக்கு வேண்டியதைச் செய்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைக்கத் தெரிந்தது.

ஆறாவது ஞாயிறு பீளமேடு. முள்கம்பி வேலியோரம் நாலைந்து குடும்பங்கள் நின்றிருந்தன. கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். வெயில் இருந்தும் காற்று குளிர்ந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றோம். தூரத்தில் வெள்ளையாக ஒன்று திரும்பி, எங்களை நோக்கி ஓடிவந்தது. சத்தம் நெஞ்சுக்குள் புகுந்தது. சக்கரம் தரையை விட்ட அந்த நிமிஷம், அவர் முள்கம்பியைப் பிடித்தபடி, "பாரு, பாரு!" என்று கத்தினார். கூடவே ஒரு பேரைச் சொன்னார். என் பேர் இல்லை.

நான் அதுவரை அந்தப் பேரைக் கேட்டதில்லை. ஆனாலும் "ம், பாக்கறேனுங்க" என்றேன்.

தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? அப்போதும் நான் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை. விமானம் புள்ளியாகிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளங்கையில் முள் குத்தி ரத்தம் வந்திருந்தது. என் கைக்குட்டையால் கட்டிவிட்டேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவரே சொன்னார். "இந்தத் தடவை நீ சொல்லு. உனக்கு எங்க போகோணும்?"

எனக்கு ஒரு இடமும் தெரியவில்லை. அந்த ஊரை நான் அவள் வழியாகத்தான் பார்த்திருந்தேன். கடைசியில் டவுன் பஸ் ஒன்றில் ஏறி, பேர் தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கச் சொன்னேன். அது மில் தொழிலாளிகள் குடியிருந்த தெரு. ஓரத்தில் ஒரு மைதானம். இளவட்டங்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்தில் வழி கேட்டார். முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுபோல முழித்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஒரு கிழவி உப்புத் தூவிக் கொடுத்த கொய்யாவைக் கடித்துக்கொண்டு மைதானத்துச் சுவரில் உட்கார்ந்தோம். பஞ்சுத் தூசி வெயிலில் மெல்லப் பறந்தது. அவள் கால் படாத இடம் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார். மெதுவாக, பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிற சாதாரணக் குரலில்.

"அவளுக்கு இந்த எடம் புடிச்சிருக்கும்."

நான் கொய்யாவைக் கடிப்பதை நிறுத்தினேன். பந்து சுவரில் பட்டுத் திரும்பிப் போனது. "ஆமாங்க" என்றேன். பிறகு, எதற்கென்று தெரியாமல், சுவரில் எனக்கு அந்தப்பக்கம் இன்னொருத்தி உட்காரும் அளவு இடம் விட்டு, அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.